சில்டெனாஃபில் கேட்கவில்லை என்றால் நைட்ரிக் ஆக்சைடு பொடியும் பிஆர்பி ஊசியும் கைகொடுக்குமா?

உங்கள் கேள்வி இது: வயது 47, பத்து வருடமாகச் சர்க்கரை, பிரஷருக்கும் மாத்திரை. விறைப்புக் குறைபாட்டுக்கு எடுத்த சில்டெனாஃபில் 50 மில்லிகிராம் முதல் இரண்டு வருடம் நன்றாகக் கேட்டது, இப்போது கேட்பதில்லை. ஜிம்மில் ஒருவர் ‘நைட்ரிக் ஆக்சைடு பூஸ்டர்’ என்று ஒரு பொடியைச் சாப்பிடச் சொல்கிறார். ஒரு கிளினிக்கில் பிஆர்பி ஊசி, ஷாக்வேவ், ஸ்டெம் செல் மூன்றையும் சேர்த்து பேக்கேஜாக, லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். கட்டலாமா?

கட்டாதீர்கள். பொடியிலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. உங்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன, அதில் ஒன்றிரண்டு நாற்பது வருடப் பழசு, ஆனாலும் இன்றைக்கும் இந்தப் பேக்கேஜைவிட நம்பகமானவை. ஏன் இப்படி அடித்துச் சொல்கிறேன் என்பதற்கு உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம், அது தெரிந்துவிட்டால் எந்த விளம்பரத்தையும் நீங்களே எடைபோட்டுக்கொள்வீர்கள்.

விறைப்பு என்பது தசை முறுக்கிக்கொள்வதால் வருவது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. ஆணுறுப்புக்குள் இருக்கும் பஞ்சுத் திசுவின் மென்தசைகள் நாள் முழுக்கச் சுருங்கியே கிடக்கின்றன, அதனால்தான் ரத்தம் அதிகம் உள்ளே வராமல் உறுப்பு தளர்ந்திருக்கிறது. ஆசை எழும்போது அங்கே போகும் நரம்புகளின் நுனியிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு வெளியாகிறது. வாயுதான், வெறும் இரண்டு அணு, சில நொடிகள்தான் அதன் ஆயுள். அது தசைச் செல்லுக்குள் ஊடுருவி ஒரு நொதியைத் தூண்ட, அந்த நொதி சிஜிஎம்பி என்ற பொருளைச் செய்ய, அதனால் செல்லுக்குள் கால்சியம் குறைந்து தசை தளர்கிறது. தளர்ந்ததும் ரத்தம் பாய்ந்து திசு உப்பி, வெளியேறும் சிரைகளை உறையோடு வைத்து நசுக்கிவிடுகிறது, வந்த ரத்தம் உள்ளேயே தங்கிவிடுகிறது. நரம்பு தொடங்கி வைத்ததை அப்புறம் ரத்தக் குழாயின் உள்வரிச் செல்கள் தாமும் நைட்ரிக் ஆக்சைடு சுரந்து நீடிக்க வைக்கின்றன. ஆக நரம்பு, உள்வரி என்று இரண்டு இடத்திலிருந்து அது வர வேண்டும். சர்க்கரை நோய் இரண்டையும் ஒருசேரக் கெடுக்கும் நோய். உங்கள் பிரச்சினை இங்கேதான் இருக்கிறது.

சில்டெனாஃபில், தடாலாஃபில் மாதிரி மாத்திரைகள் நைட்ரிக் ஆக்சைடைத் துளிகூட உண்டாக்குவதில்லை. சிஜிஎம்பியைச் சிதைக்க பிடிஇ5 என்றொரு நொதி இருக்கிறது, மாத்திரை அதைத் தடுக்கிறது, அவ்வளவுதான். தொட்டியின் ஓட்டையை அடைக்கிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயில் தண்ணீரே வராவிட்டால் ஓட்டையை எவ்வளவு நன்றாக அடைத்தும் தொட்டி நிறையாது. பலரும் சொல்கிற மாதிரி ‘உடம்பு மாத்திரைக்குப் பழகிவிட்டது’ என்பது பெரும்பாலும் காரணமாக இருப்பதில்லை, பின்னால் இருக்கும் நோய் முற்றிக்கொண்டு போவதுதான் காரணம். சர்க்கரை உள்ள ஆண்களை வைத்து 1999-இல் வெளியான ஒரு சோதனையில் சில்டெனாஃபில் எடுத்தவர்களில் 56 சதவீதம் பேர் முன்னேற்றம் என்றார்கள், ஒப்பீட்டுக்காக மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 10 சதவீதம். பெரிய வெற்றிதான், ஆனாலும் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு அது போதவில்லை என்பதையும் அந்த எண்ணே சொல்கிறது.

உள்வரிச் செல்லின் பங்கு எப்படித் தெரியவந்தது என்பது எனக்குப் பிடித்த கதை, இரண்டு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கின் புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட் என்பவர் முயலின் பெருந்தமனியைத் துண்டாக்கித் தொங்கவிட்டு, அதில் மருந்தை விட்டுச் சுருங்குகிறதா தளர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அசிட்டைல்கோலின் என்ற பொருளை விட்டால் உயிருள்ள விலங்கில் ரத்தக் குழாய் விரியும், இவருடைய துண்டுகளோ வருடக்கணக்காகச் சுருங்கியே காட்டின. 1978-இல் ஒருநாள் ஆய்வக உதவியாளர் செய்த சோதனையில் துண்டு தளர்ந்துவிட்டது. என்ன வித்தியாசம் என்று துருவிப் பார்த்தால், அதுவரை துண்டு வெட்டும்போது உள்பக்கம் எதிலாவது உரசி, ஒரே அடுக்காக இருக்கும் அந்த உள்வரிச் செல்கள் உதிர்ந்துபோயிருந்தன. அவை இருந்தால் குழாய் தளரும், வழித்துவிட்டால் தளராது. 1980-இல் அதை வெளியிட்டார். அந்தச் செல்கள் சுரப்பது நைட்ரிக் ஆக்சைடுதான் என்று 1987 வாக்கில் லூயி இக்னாரோவும் சால்வடார் மோன்காடாவின் குழுவும் தனித்தனியே காட்டினார்கள். ஆணுறுப்பிலும் இதே சமிக்ஞைதான் என்பது 1990-களின் தொடக்கத்தில் உறுதியானது. 1998-இல் நோபல் பரிசு ஃபர்ச்காட், இக்னாரோ, ஃபெரிட் முராட் மூவருக்கும் போனது. மோன்காடாவை விட்டுவிட்டார்கள், அது இன்றைக்கும் பேசப்படும் மனத்தாங்கல். அதே 1998 மார்ச்சில்தான் நெஞ்சுவலி மருந்தாகத் தொடங்கி அதில் தேறாமல், தன்னார்வலர்கள் சொன்ன ‘பக்க விளைவால்’ பிழைத்த சில்டெனாஃபிலுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். மாத்திரை தோற்றுவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன்னால் அதைச் சரியாகத்தான் எடுத்தீர்களா என்று பாருங்கள். ராத்திரி வயிறு நிறைய பிரியாணி, அதன் மேல் சில்டெனாஃபில், பத்து நிமிடம் கழித்து ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று சோர்ந்துபோவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. கொழுப்பு நிறைந்த சாப்பாட்டோடு சில்டெனாஃபில் ரத்தத்தில் ஏறுவது தாமதமாகும், அளவும் குறையும். சாப்பாட்டுக்கு முன்னாலோ, சாப்பிட்டு நன்றாக நேரம் விட்டோ எடுத்து ஒரு மணி நேரமாவது போக வேண்டும். தூண்டுதலும் வேண்டும், நரம்பு நைட்ரிக் ஆக்சைடை விட்டால்தான் மாத்திரைக்கு வேலை. மாத்திரையைப் போட்டுவிட்டு டிவி பார்த்துக்கொண்டு காத்திருந்தால் ஒன்றும் நடக்காது. 50-இல் கேட்காதவருக்கு 100 மில்லிகிராம் கேட்கலாம், அல்லது தினமும் 5 மில்லிகிராம் தடாலாஃபில் ஒத்துவரலாம், ஆனால் இதையெல்லாம் டாக்டர் முடிவு செய்யட்டும், ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். காலையில் டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். அது மிகவும் குறைந்திருந்தால் நைட்ரிக் ஆக்சைடு செய்யும் நொதியும் குறையும், மாத்திரையும் மந்தமாகும். பிரஷர் மாத்திரையின் பெயரையும் காட்டுங்கள்; பழைய பீட்டா பிளாக்கர்களும் சில நீர்பிரி மாத்திரைகளும் விறைப்பைக் கெடுக்கக்கூடியவை. நெபிவலோல் என்ற பீட்டா பிளாக்கர் உள்வரியில் நைட்ரிக் ஆக்சைடு சுரப்பைத் தூண்டுவது, அந்த மாதிரி மாற்றிக்கொடுக்க இடம் இருக்கலாம். நீங்களாக எதையும் நிறுத்தவேண்டாம்.

இப்போது அந்தப் பொடி. அதில் இருப்பது பெரும்பாலும் எல்-ஆர்ஜினைன் அல்லது எல்-சிட்ருலின். உடம்பு ஆர்ஜினைனிலிருந்துதான் நைட்ரிக் ஆக்சைடு செய்கிறது என்பது உண்மை. ஆனால் மூலப்பொருள் குறைவதால் உங்களுக்கு இது வந்திருக்க வாய்ப்புக் குறைவு, அதைச் செய்யும் செல்லும் நரம்பும்தான் பழுதாகியிருக்கின்றன. போதாக்குறைக்கு வாய்வழி ஆர்ஜினைனில் பெரும்பங்கைக் குடலும் கல்லீரலும் போகிற வழியிலேயே தீர்த்துவிடும். சிட்ருலின் அந்த வகையில் பரவாயில்லை, சிறுநீரகத்தில் ஆர்ஜினைனாக மாறும். இத்தாலியில் 24 பேரை வைத்து 2011-இல் வெளியான சின்ன ஆய்வில் தினமும் ஒன்றரை கிராம் சிட்ருலின் எடுத்த மாதத்தில் 12 பேருக்கு விறைப்பின் உறுதி கூடியது, போலி மருந்து எடுத்த மாதத்தில் 2 பேருக்கு. ஆனால் அவர்கள் எல்லாருக்கும் லேசான குறைபாடுதான், நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். ‘இயற்கைதானே, என்ன ஆகிவிடப்போகிறது’ என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: மாரடைப்பு வந்து தேறியவர்களுக்கு ஆர்ஜினைன் கொடுத்துப் பார்த்த ஓர் அமெரிக்கச் சோதனையை நடுவிலேயே நிறுத்தினார்கள், ஆர்ஜினைன் எடுத்தவர்களில் 6 பேர் இறந்திருந்தார்கள், போலி மருந்துக் குழுவில் ஒருவரும் இல்லை. 2006-இல் வந்த முடிவு அது. சிறிய சோதனைதான், தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் பத்து வருடச் சர்க்கரைக்காரர் தன் இதயத்தைப் பார்க்காமல் கரண்டி கரண்டியாக விழுங்கக்கூடாது என்பதற்கு அது போதும்.

மூலிகை என்று விற்பதிலும் ஜாக்கிரதை. பஸ் ஸ்டாண்ட் சுவரில் ‘நரம்புத் தளர்ச்சியா, ஆண்மைக் குறைவா’ என்று ஒட்டியிருக்கும் நோட்டீஸே 1954-ஆம் வருடச் சட்டப்படி தடைசெய்யப்பட்ட விளம்பரம், யாரும் கண்டுகொள்வதில்லை என்பது வேறு. அதைவிட மோசம், ‘மூலிகை’ மாத்திரைக்குள் லேபிளில் போடாமல் சில்டெனாஃபிலையே கலந்து விற்பது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இப்படிப்பட்ட சரக்கை வருடா வருடம் பிடித்துக்கொண்டே இருக்கிறது.

பேக்கேஜில் முதலாவது பிஆர்பி. உங்கள் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்து உறுப்பில் ஊசியாகப் போடுவது. தட்டணுக்களில் வளர்ச்சிக் காரணிகள் உண்டு, அவை ரத்தக் குழாயைப் புதுப்பிக்கும் என்பது எண்ணம். கிரீஸில் நடந்த ஒரு சோதனையில் நல்ல முடிவு வந்தது. அப்புறம் மயாமியில் 61 பேரை வைத்து, டாக்டருக்கும் நோயாளிக்கும் எது உண்மை ஊசி என்று தெரியாதபடி நடத்தினார்கள், 2023-இல் முடிவு வந்தது: ஒரு மாதம் கழித்து பிஆர்பி போட்டவர்களில் சுமார் 58 சதவீதம் பேருக்கு முன்னேற்றம், போலி ஊசி போட்டவர்களில் சுமார் 54 சதவீதம். இந்த இரண்டாவது எண்ணைத்தான் நன்றாகப் பார்க்கவேண்டும். மருந்தே இல்லாத ஊசியில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ‘தேவலை’ என்றிருக்கிறார்கள். விறைப்பு மனசோடு இவ்வளவு பிணைந்த விஷயம் என்பதால் நம்பிக்கையே பாதி வேலையைச் செய்துவிடுகிறது, அதனால்தான் எந்தக் கிளினிக்காரரும் ‘எங்களிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்குக் குணமானது’ என்று பொய் சொல்லாமலே சொல்லிக்கொள்ள முடிகிறது. போலி ஊசியோடு ஒப்பிட்ட எண் எங்கே என்று கேளுங்கள்.

ஷாக்வேவ் இதைவிடக் கொஞ்சம் கௌரவமானது. சிறுநீரகக் கல்லை உடைக்கும் அலையின் மிகக் குறைந்த சக்தி வடிவம், திசுவில் புது ரத்தக் குழாய்களை வளர்க்கும், உள்வரியின் நைட்ரிக் ஆக்சைடு நொதியைத் தூண்டும் என்று விலங்குகளில் பார்த்திருக்கிறார்கள். இஸ்ரேலில் யோரம் வார்டியின் குழு 2010-இல் 20 ஆண்களில் செய்து காட்டியதிலிருந்து நிறையச் சோதனைகள் வந்துவிட்டன, லேசான ரத்தக் குழாய்க் குறைபாடு உள்ளவர்களுக்கு ஓரளவு பலன் தெரிகிறது. ஆனால் வார்டியின் அந்த 20 பேருமே மாத்திரையில் பலன் கண்டவர்கள். நரம்பும் போய், மாத்திரையும் கேட்காத சர்க்கரைக்காரருக்கு எவ்வளவு உதவும் என்பது வேறு கேள்வி. அமெரிக்க யூராலஜி சங்கத்தின் 2018 வழிகாட்டுதல் இதை ஆய்வு நிலையில் உள்ளது என்றே வைத்திருக்கிறது, பிஆர்பியைச் சோதனைச் சிகிச்சை என்கிறது. இன்னொன்று, பல இடங்களில் வைத்திருப்பது ஆய்வுகளில் பயன்பட்ட குவிய அலைக் கருவி இல்லை, தசைவலிக்குப் பயன்படுத்தும் ரேடியல் கருவி. மேலாகப் பரவும் அலை அது, பெயர் மட்டும் ஒன்று.

ஸ்டெம் செல், அதாவது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல், அதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டென்மார்க்கில் புராஸ்டேட் அறுவைக்குப் பின் விறைப்பை இழந்த 17 பேருக்கு அவர்களுடைய கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை ஊசியாகப் போட்டார்கள், 8 பேர் உறவு கொள்ளும் நிலைக்குத் திரும்பினார்கள் என்று 2016-இல் வந்தது. ஒப்பிட இன்னொரு குழு இல்லை. மயாமிக் கணக்கை இப்போதுதான் பார்த்தீர்கள், இந்த 8-ஐ எப்படி எடுத்துக்கொள்வது என்று உங்களுக்கே தெரியும். இந்தியாவில் ஐசிஎம்ஆர் என்ற மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான எலும்பு மஜ்ஜை வகைச் சிகிச்சை தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சை எல்லாம் முறையாக அனுமதி பெற்ற சோதனைக்குள்தான் நடக்கவேண்டும். சோதனை என்றால் செலவு நடத்துகிறவருடையது. உங்களிடம் லட்சம் வாங்கிக்கொண்டு உங்கள் மேலேயே சோதனை நடத்துவது என்ன நியாயம்?

உண்மையான ஆராய்ச்சி இந்த மாதிரிப் பேக்கேஜுக்கு வெளியே, இன்னும் சுவாரசியமாக நடக்கிறது. பிரேசிலில் ஃபோனியூட்ரியா என்ற அலையும் சிலந்தி கடித்தால் ஆண்களுக்கு வலியோடு, மணிக்கணக்கில் தளராத விறைப்பு வரும். அந்த நஞ்சில் ஒரு புரதம் நைட்ரிக் ஆக்சைடைக் கூட்டுகிறது என்று கண்டு, பெலோ ஹொரிசோன்டே பல்கலைக்கழக ஆட்கள் நஞ்சின் தீமை இல்லாத, 19 அமினோ அமிலம் கொண்ட ஒரு சின்னத் துண்டைச் செயற்கையாகச் செய்தார்கள். மேலே தடவும் ஜெல்லாக அது மனிதச் சோதனை வரை வந்திருக்கிறது. நியூயார்க்கில் ஆர்னல்ட் மெல்மன் குழு தசையைத் தளர்த்தும் பொட்டாசியம் வாசலுக்கான மரபணுவையே 11 பேருக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்தது, 2006-இல் வந்தது, பாதுகாப்பைப் பார்க்கத்தான், பலனை நிரூபிக்க இல்லை. அதே நகரில் நைட்ரிக் ஆக்சைடைச் சுமக்கும் நானோ துகள்களை எலிகளுக்குத் தடவிப் பலன் பார்த்தார்கள். ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது இங்கிலாந்து நிறுவனம் ஒன்றின் ஜெல்லுக்கு நேர்ந்தது. நைட்ரிக் ஆக்சைடைத் தரும் நைட்ரோகிளிசரினைச் சிறு அளவில் ஜெல்லில் கலந்து, கலக்காத வெறும் ஜெல்லோடு ஒப்பிட்டார்கள். மருந்து ஜெல் வெறும் ஜெல்லை ஜெயிக்கவில்லை, ஆனால் இரண்டிலுமே ஆட்கள் முன்னேறினார்கள்! நிறுவனம் அசரவில்லை. மருந்தைக் கழற்றிவிட்டு, வெறும் ஜெல்லையே தோலில் குளிர்ச்சியும் வெப்பமும் உண்டாக்கித் தூண்டும் ‘சாதனம்’ என்று பதிவு செய்து 2023-இல் அமெரிக்காவிலும் அனுமதி வாங்கிவிட்டது.

உங்களுக்கு இப்போது உதவக்கூடியது நைட்ரிக் ஆக்சைடை நம்பாத வழி. ஆல்ப்ரோஸ்டாடில் ஊசி வேறு பாதையில், சிஜிஎம்பி மாதிரியே செல்லுக்குள் இருக்கும் சிஏஎம்பி என்ற இன்னொரு பொருள் வழியாகத் தசையைத் தளர்த்துவது. நரம்பும் உள்வரியும் கெட்டிருந்தாலும், உள்ளே வரும் தமனி ஓரளவு நன்றாக இருந்தால் வேலை செய்யும். மெல்லிய ஊசி, பக்கவாட்டில், நீங்களே போட்டுக்கொள்ளலாம், முதல் ஊசியும் அளவும் யூராலஜிஸ்ட் முன்னிலையில்தான். இந்த ஊசி மருத்துவத்தை உலகம் நம்பியதற்கு 1983-இல் லாஸ் வேகாஸில் ஜைல்ஸ் பிரிண்ட்லி என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி தனக்கே மருந்தை ஏற்றிக்கொண்டு, மேடையில் கால்சட்டையை இறக்கி நிரூபித்ததும் ஒரு காரணம். கூட்டத்தில் இருந்தவர்கள் அதை மறக்கவே இல்லை. ஊசி பிடிக்காவிட்டால் வாக்யூம் பம்ப், காற்றை உறிஞ்சி ரத்தத்தை உறுப்புக்குள் இழுக்கும் கருவி. எதுவும் ஒத்துவராவிட்டால் உள்ளே பொருத்தும் இம்ப்ளான்ட் 1970-களிலிருந்து இருக்கிறது, அறுவை செய்தபின் பழைய நிலைக்குத் திரும்ப முடியாது என்பதால் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஊசிக்குப் பின் நான்கு மணி நேரம் தாண்டியும் தளராவிட்டால் வெட்கப்படாமல் எமர்ஜென்சிக்குப் போகவேண்டும்.

இனி டாக்டரை ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்பது. ஆணுறுப்புத் தமனி 1 முதல் 2 மில்லிமீட்டர், இதயத் தமனி 3 முதல் 4. உள்வரி கெடுவது உடம்பெங்கும் நடப்பதால் சின்னக் குழாய் முதலில் காட்டிக்கொடுக்கிறது, நெஞ்சுவலி பல நேரங்களில் இரண்டு மூன்று வருடம் கழித்து வருகிறது. 47 வயதில் சர்க்கரை, பிரஷர், இப்போது இதுவும் என்றால் இதயத்தைப் பரிசோதிப்பதுதான் முதல் வேலை, பேக்கேஜ் பணத்தில் ஒரு துளிதான் ஆகும். அதோடு எடையும் நடையும்: நேப்பிள்ஸில் 110 பருமனான ஆண்களை இரண்டு வருடம் பார்த்த 2004 ஆய்வில், உணவையும் உடற்பயிற்சியையும் தீவிரமாக மாற்றிய குழுவில் 55-இல் 17 பேருக்கு விறைப்பு இயல்புக்குத் திரும்பியது, மற்றக் குழுவில் 55-இல் 3 பேருக்கு. அவர்களுக்குச் சர்க்கரை இல்லை, உங்களுக்கு அதே எண்ணிக்கையை நான் உறுதி சொல்லமாட்டேன், ஆனால் மயாமியில் பிஆர்பி ஊசி இந்த வித்தியாசத்தை எட்டிப் பார்க்கவில்லை. புகைத்தால் நிறுத்துங்கள், புகை நைட்ரிக் ஆக்சைடை உருவான இடத்திலேயே அழிக்கும்.

கடைசியாக, பரிசோதனையில் இதயக் கோளாறு தெரிந்து சார்பிட்ரேட் மாதிரி நைட்ரேட் மாத்திரையோ நிகோரண்டிலோ எழுதினார்கள் என்றால் சில்டெனாஃபில், தடாலாஃபில் இரண்டும் அன்றோடு நிற்கவேண்டும். ஒன்று நைட்ரிக் ஆக்சைடைக் கொட்டும், மற்றது சிஜிஎம்பி சிதைவதைத் தடுக்கும், இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகச் சரியும். எப்போதாவது மாத்திரை போட்ட இரவில் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், கூட வந்தவர் யாராக இருந்தாலும் சரி, நாக்குக்கு அடியில் எதையும் வைப்பதற்கு முன்னால் என்ன மாத்திரை, எத்தனை மணிக்குப் போட்டேன் என்பதை டியூட்டி டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சில்டெனாஃபில் என்றால் 24 மணி நேரம், தடாலாஃபில் என்றால் 48 மணி நேரம் நைட்ரேட் கொடுக்கமாட்டார்கள், வேறு மருந்தை வைத்துச் சமாளிப்பார்கள்.